மலாவி கிராமங்களில் காலராக் காலம்: தன்னார்வலராகப் போக நினைப்பவர்களுக்கு

மழைக்காலம் பிறந்தால் ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு நாடுகளிலிருந்து காலராச் செய்தி வருவது வழக்கமாகிவிட்டது. மலாவியில் 2022 மார்ச்சில் மச்சிங்கா மாவட்டத்தில் தலைகாட்டிய நோய், அடுத்த மழைக்காலத்துக்குள் நாடு முழுக்கப் பரவியது. டிசம்பர் 5 அன்று அரசு அதைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தது. 2023 ஜனவரியில் பிளாண்டயர், லிலோங்வே நகரங்களில் பள்ளி திறப்பைத் தள்ளிவைத்தார்கள். மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்து தெற்கு மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. கடைசியில் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 59,000 பேருக்கு நோய், 1,700க்கு மேல் சாவு. அந்த நாட்டு வரலாற்றிலேயே பெரிய காலரா அதுதான்.

நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தால் காலரா வந்த நூறு பேரில் ஒருவர்கூடச் சாக வேண்டியதில்லை. மலாவியில் நூற்றுக்கு மூன்று பேர் போனார்கள். மருந்து தெரியாததால் அல்ல. பலர் சிகிச்சை மையத்துக்கு வந்து சேர்ந்ததே தாமதம், சிலர் வரவேயில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள். தன்னார்வலராகப் போகிறவர் செய்யக்கூடிய உருப்படியான வேலைகள் எல்லாமே இரண்டில் அடங்கும்: குடிக்கிற தண்ணீரைச் சரியாக வைப்பது, நோயாளி சீக்கிரம் வந்து சேர வழி செய்வது. மலாவியை வைத்து எழுதுகிறேன். ஜாம்பியா, மொசாம்பிக் என்றாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

முதல் கேள்வி: நீங்கள் அங்கே தேவையா?

கொஞ்சம் கசப்பான கேள்வி, ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது. மலாவியின் கிராமங்களில் அரசு நியமித்த சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் எச்.எஸ்.ஏ என்றுதான் சொல்வார்கள். ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு, நடைமுறையில் ஒருவர் தலையில் அதைவிடக் கூடுதலாகவே விழும். தடுப்பூசி போடுவது, குழந்தைகளுக்கு மலேரியா மருந்து கொடுப்பது, கிணற்றில் குளோரின் பார்ப்பது, யார் வீட்டில் யாருக்குப் பேதி என்று சைக்கிளில் போய் விசாரிப்பது எல்லாம் அவர்தான். அவருக்குத் தெரியாத எதையும் இரண்டு வாரம் வந்துபோகிற ஒருவர் கற்றுக்கொடுத்துவிட முடியாது. அவருக்கு மொழியும் தெரியும், ஊரும் தெரியும்.

அப்படியானால் யார் தேவை? தீவிரச் சிகிச்சையிலோ வயிற்றுப்போக்கு வார்டிலோ வேலை பார்த்த நர்ஸ்கள், குடிநீர்க் குழாய், போர்வெல், கழிப்பறை வேலை தெரிந்த பொறியாளர்கள், ஆய்வகத் தொழில்நுட்பர்கள், ஸ்டோர் கணக்கும் வண்டி ஏற்பாடும் பார்க்கத் தெரிந்தவர்கள், தரவுகளை ஒழுங்காகப் பதியத் தெரிந்தவர்கள். கடைசி இரண்டு வகையினரை யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். ஆனால் ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கிற ஸ்டோர்காரர் இல்லாத சிகிச்சை மையம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

இந்தப் பட்டியலில் நீங்கள் இல்லை, கையில் இருப்பது ஒரு மாத விடுமுறை மட்டும் என்றால், டிக்கெட் காசை மலாவி செஞ்சிலுவைச் சங்கம் போன்ற உள்ளூர் அமைப்புக்கு அனுப்புவது எவ்வளவோ மேல். வேலைதான் செய்ய வேண்டும் என்று தோன்றினால் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் வீட்டிலிருந்தபடியே இணையவழியாகச் செய்யும் பணிகள் உண்டு: வரைபடம், மொழிபெயர்ப்பு, தரவு ஒழுங்குபடுத்துவது மாதிரி. என் கணக்கில் மூன்று மாதத்துக்குக் குறைவாக இருக்க முடிகிறவர் முதல் முறை கிராமத்துக்குப் போகவே கூடாது. ஒரு மாதம் கற்பதிலேயே போய்விடும், கற்றுக்கொடுக்கிறவருக்கு அது கூடுதல் சுமை.

யாரோடு போவது

தனியாகப் போகாதீர்கள். "அங்கே ஒரு பாதிரியாரைத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. பாதிரியார் நல்லவராகவே இருக்கலாம். காலராக் காலத்தில் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் திட்டத்துக்குள் வராத வெளிநாட்டவரால் உபத்திரவம்தான் அதிகம்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு டெல்லியில் அலுவலகம் இருக்கிறது. அங்கே ஆட்களை எடுப்பது கிட்டத்தட்ட வேலைக்கு எடுப்பது மாதிரிதான், தொழில் அனுபவம் கேட்பார்கள், சம்பளமும் உண்டு. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் களப்பணியும் இருக்கிறது. வேறு சிறிய அமைப்பு ஏதாவது கூப்பிட்டால் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: மாவட்டச் சுகாதார அலுவலகத்தோடு என்ன ஒப்பந்தம், எனக்கு நோய் வந்தாலோ விபத்து நடந்தாலோ யார் எங்கே கொண்டுபோவது, நான் யாருக்குக் கீழே வேலை செய்கிறேன், என் விசா எந்த வகை. நேரடியாகப் பதில் சொல்லாமல் "வாங்க, பார்த்துக்கலாம்" என்றால் போக வேண்டாம். கிராமத்தில் இத்தனை நாள் தங்க இவ்வளவு கட்டணம் என்று அழகான படங்களோடு விளம்பரம் செய்கிறவர்கள் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்.

நர்ஸ், டாக்டர் என்றால் இந்தியப் பதிவு மட்டும் போதாது. மலாவியின் மருத்துவக் கவுன்சில் அல்லது செவிலியர், தாதியர் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வேண்டும். சான்றிதழ்களை நோட்டரி செய்து அனுப்பி, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். சுற்றுலா விசாவில் போய் ஊசி போடுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். ஏதாவது தவறு நடந்தால் பழி விழுவது உங்களைக் கூட்டிப்போன உள்ளூர்க்காரர் தலையில்.

அமைப்புகள் நடத்தை விதி ஒன்றில் கையெழுத்து வாங்கும். படித்துவிட்டுப் போடுங்கள், அது சடங்கு அல்ல. காங்கோவில் 2018 முதல் 2020 வரை எபோலா பணிக்குப் போனவர்கள் உள்ளூர்ப் பெண்களை வேலை ஆசை காட்டிச் சுரண்டியதை 2021இல் ஒரு சுயேச்சையான விசாரணைக் குழு வெளிக்கொண்டுவந்தது. குற்றம் சாட்டப்பட்ட 83 பேரில் 21 பேர் உலகச் சுகாதார அமைப்பு வேலைக்கு வைத்தவர்கள். பஞ்சமும் நோயும் உள்ள ஊரில் சம்பளமும் வண்டியும் உள்ளவருக்குத் தானாகவே அதிகாரம் வந்துவிடுகிறது.

கிளம்பும் முன்

உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள். பயண மருத்துவம் தெரிந்த டாக்டரைக் குறைந்தது ஆறு வாரம் முன்னால் பாருங்கள். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, பி, டெட்டனஸ், நாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசி, வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்து ஆகியவற்றைப் பற்றிப் பேசுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை கட்டாயம். அடோவாகுவோன்-புரோகுவானில், டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுவின் என்று மூன்று உண்டு. எது ஒத்துக்கொள்ளும் என்பதை டாக்டர் சொல்லட்டும். டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டால் வெயில் தோலைச் சுடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மலாவியில் அந்த நோய் அபாயம் இல்லை. ஆனால் பெரும்பாலான விமானங்கள் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போகின்றன. எத்தியோப்பியா, கென்யா இரண்டும் அபாயப் பட்டியலில் உள்ள நாடுகள். தடுப்பூசிச் சான்று இல்லாமல் அந்த வழியாக இந்தியா திரும்பினால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும்.

பெட்டியில் என்ன வைப்பது என்று நீளமாக எழுதத் தேவையில்லை. தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், நீளக் கை சட்டை, கழுவக்கூடிய ரப்பர் செருப்பு அல்லது பூட்ஸ், மருந்து தோய்த்த கொசுவலை, உங்களுக்கான ஓ.ஆர்.எஸ் பொட்டலங்கள். பெண்கள் அங்கே போனதும் சிட்டென்ஜே துணி இரண்டு வாங்கி இடுப்பில் சுற்றிக்கொள்ளுங்கள். முழங்கால் மூடியிருந்தால் கிராமத்தில் மரியாதை, அந்தத் துணி துண்டாகவும் போர்வையாகவும் உதவும்.

படிப்பதற்கு: உலகச் சுகாதார அமைப்பின் இலவச இணையவழிப் பாடங்களில் காலரா பற்றியவை இருக்கின்றன. உலகக் காலராத் தடுப்புப் பணிக்குழுவின் கைப்பேசிச் செயலியை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழிமுறைகளைப் பார்க்கலாம்.

போய் இறங்கியதும்

நேராக நோயாளியிடம் ஓடாதீர்கள். வரிசை இதுதான்: மாவட்டச் சுகாதார அலுவலகம், அந்தப் பகுதியின் சுகாதார மையம், எச்.எஸ்.ஏ, பிறகு ஊர்த் தலைவர். ஊர்த் தலைவர்களுக்கு மேலே குழுத் தலைவர், அவருக்கு மேலே பாரம்பரியத் தலைவர் என்று அடுக்கு இருக்கிறது. தலைவர் ஆணாகத்தான் இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். மத்தியிலும் தெற்கிலும் தாய்வழி மரபு, பெண் தலைவர்கள் நிறைய. தலைவரைப் பார்க்காமல் ஊருக்குள் நுழைந்து பைப்படியில் நின்றால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

சந்திப்பில் எச்.எஸ்.ஏ பேசட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வாரம் முழுக்க இப்படித்தான். வீட்டு வாசலில் நின்று "ஓடி" என்று குரல் கொடுத்து, "ஓடினி" என்று பதில் வந்த பிறகே உள்ளே போக வேண்டும். "முலி ப்வான்ஜி" என்று நலம் விசாரியுங்கள். நேரம் ஆகிறதே என்று விசாரிப்பைத் தவிர்த்து விஷயத்துக்குப் போனால் முரட்டுத்தனமாகத் தெரியும். நன்றிக்கு "ஸிகோமோ". எதையும் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்ளுங்கள். கைகுலுக்குவது அங்கே பெரிய வழக்கம். காலராக் காலத்தில் அதைத் தவிர்க்கச் சொல்லி எச்.எஸ்.ஏவே ஊருக்குச் சொல்லியிருப்பார், நீங்கள் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தால் போதும்.

சாப்பிட நிசிமா தருவார்கள். மக்காச்சோள மாவில் கிண்டியது, நம் களியைப் போல. தொட்டுக்கொள்ளக் கீரை, பீன்ஸ், அல்லது உசிபா என்கிற பொடி மீன். சூடாக இருந்தால் தயங்காமல் சாப்பிடலாம். ஆறிப்போனதையும் பச்சைக் காய்கறியையும் நாசூக்காக ஒதுக்கிவிடுங்கள். சாப்பிடும் முன் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவார்கள். எல்லோரும் ஒரே பாத்திரத்தில் கை நனைக்கிற வழக்கம் உள்ள இடத்தில், செம்பால் ஊற்றிக் கழுவலாமே என்று வீட்டுக்காரர்களிடம் எச்.எஸ்.ஏ வழியாகச் சொல்லிப் பாருங்கள்.

தண்ணீர்: உங்கள் நாளின் பெரும்பகுதி

புதிதாகப் போகிறவருக்குக் கிடைக்கும் மிக உபயோகமான வேலை தண்ணீர் எடுக்கும் இடத்தில்தான். மலாவியில் பெரும்பாலும் அஃப்ரிடெவ் அடிபம்புகள். ஜாம்பியா பக்கம் போனால் இந்தியா மார்க் 2 பம்பைப் பார்ப்பீர்கள். மெட்ராஸ் ரிச்சர்ட்சன் அண்டு கிரட்டாஸ் தொழிற்சாலையில் பெருமளவில் வார்த்தெடுத்த அதே வகைதான், கைப்பிடியைப் பிடித்ததுமே நம் ஊர் நினைவு வரும். ஆழமான போர்வெல் பம்புத் தண்ணீர் பொதுவாக நல்லது. பம்பு பழுதாகிக் கிடக்கும்போது சனங்கள் ஆற்றுக்கும் திறந்த கிணற்றுக்கும் போவார்கள், நோய் அங்கிருந்து வரும். ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியது: எச்.எஸ்.ஏவோடு நடந்து எந்த பம்பு ஓடுகிறது, எது நின்றுபோச்சு, எதற்கு வாஷர் வேண்டும் என்று ஒரு நோட்டில் குறிப்பது. வாஷர் மாற்றினாலே ஒரு ஊர் காலராவிலிருந்து தப்பலாம்.

நல்ல பம்பு இல்லாத இடத்தில் வாளிக்கு வாளி குளோரின் போடுவார்கள். கிணற்றங்கரையில் ஒருவர் சிரிஞ்சோடு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு 20 லிட்டர் வாளியிலும் 1% குளோரின் கரைசலை அளந்து விடுவார். அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். ஊர்ப் பெண் ஒருவரைத் தலைவர் மூலம் தேர்ந்தெடுத்து, அமைப்பின் விதிப்படி கூலி கொடுத்து அவரைச் செய்யச் சொல்லுங்கள். எத்தனை மில்லி விட வேண்டும் என்று கண்டுபிடித்துக் கொடுப்பது உங்கள் வேலை. அதைச் செய்யும் முறை:

1. எச்.டி.எச் எனப்படும் 65 முதல் 70% குளோரின் பொடியில் 15 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். இதுதான் 1% கரைசல். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும்.
2. அந்தக் கிணற்றுத் தண்ணீரை நான்கு வாளியில் 20 லிட்டர் வீதம் எடுங்கள். வாளிகள் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.
3. முதல் வாளியில் 2 மில்லி, அடுத்ததில் 4, பிறகு 6, 8 என்று விட்டுக் கலக்குங்கள். அரை மணி காத்திருங்கள்.
4. ஒவ்வொன்றிலும் மிஞ்சியிருக்கும் குளோரினை அளந்து பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவுக்கு எது வருகிறதோ அந்த அளவுதான் அந்தக் கிணற்றுக்கு.

அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி. இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் குழிகள், பக்கத்திலேயே வெளிர் இளஞ்சிவப்பிலிருந்து அடர் நிறம்வரை படிகள். அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, நிரப்பி, குளோரின் இருந்தால் நிறம் காட்டும் டி.பி.டி 1 மாத்திரையை விரல் படாமல் உறையிலிருந்து நேராகக் குழிக்குள் விழச் செய்து, மூடிக் குலுக்குங்கள். நிறம் வந்தவுடனே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தாமதித்தால் நிறம் ஏமாற்றும். நிறமே வரவில்லை என்றால் குளோரின் இல்லை என்று அவசரமாக எழுதிவிடாதீர்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தாலும் அந்த இளஞ்சிவப்பு வெளுத்துப்போகும். முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கலங்கல் தண்ணீரில் குளோரின் எல்லாம் அழுக்குக்கே செலவாகும். படிகாரம் போட்டுத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, அதன் பிறகே குளோரின். இதையும் மறக்காதீர்கள்: ஒரு அளவை ஒரு கிணற்றுக்குக் கண்டுபிடித்தால் அது அந்தக் கிணற்றுக்கு மட்டும்தான், பெரிய மழை பெய்தால் மறுபடியும் பார்க்க வேண்டும். மணம் பிடிக்கவில்லை என்று சனங்கள் குளோரின் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பழைய ஆற்றுக்கே போவதும் நடக்கும். அதனால் "கூடுதலாகப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு" என்கிற கணக்கு இங்கே செல்லாது.

சிகிச்சை மையத்துக்கான கரைசல்கள் வேறு. 20 லிட்டருக்கு 15 கிராம் பொடி போட்டால் 0.05%, அது கைக்கு. 60 கிராம் போட்டால் 0.2%, தரை, கட்டில், பாத்திரத்துக்கு. 600 கிராம் போட்டால் 2%, வாந்தி, மலம், இறந்தவர் உடல் ஆகியவற்றுக்கு. மூன்றையும் வேறு வேறு நிற வாளியில் வைத்து எழுதி ஒட்டுங்கள். பொடியைக் கையாளும்போது கையுறை, கண்ணாடி, முகக்கவசம் வேண்டும். காற்று முதுகுப்பக்கமாக அடிக்கும்படி நின்று, தண்ணீரில் பொடியைப் போடுங்கள். உலோகப் பாத்திரம் கூடாது. அமிலத்தோடோ வேறு துப்புரவு மருந்தோடோ கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். டீசல் வைக்கும் அறையில் குளோரின் டப்பாவை வைக்கிற கெட்ட பழக்கம் பல இடங்களில் உண்டு, பார்த்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

வீடு வீடாகப் போய் மருந்து தெளிப்பது படத்துக்கு நன்றாக இருக்கும், பலன் குறைவு. இப்போது நிபுணர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. நோயாளியின் வீட்டுக்குச் சோப்பு, குளோரின், மூடியுள்ள வாளி கொண்ட பை ஒன்றைக் கொடுத்து எப்படிச் சுத்தம் செய்வது என்று காட்டிவிட்டு, சுற்றியுள்ள வீடுகளுக்கும் அன்றைக்கே அதைச் செய்வதுதான் இன்றைய வழி. அன்றைக்கே என்பது முக்கியம். நோய்க்கிருமி சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் அடுத்தவரிடம் நோயாக வெளிப்படும்.

ஓ.ஆர்.எஸ் மையம்

ஊரில் நிழலான இடத்தில் ஒரு மேசை, குழாய் வைத்த வாளி, கோப்பைகள், ஓ.ஆர்.எஸ் பொட்டலங்கள், கைகழுவச் சோப்பு, ஒரு பாய், ஒரு பதிவேடு. இவ்வளவுதான். சுகாதார மையம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில் இந்த மேசைதான் உயிர் காக்கும். இந்த முறையைப் பெரிய அளவில் நிரூபித்தவர் நம் நாட்டுக்காரர்: 1971இல் வங்காள எல்லையில் பன்கான் அகதி முகாமில் ட்ரிப்ஸ் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாயில் வைத்து உறவினர்களையே ஊற்றிக் கொடுக்கச் செய்தார். முகாமில் 30 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு அவருடைய நோயாளிகளிடையே 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. உறவினர்களையே என்பதைக் கவனியுங்கள். மேசைக்குப் பின்னால் நீங்கள் இருக்க வேண்டிய அவசியமில்லை, ஊர்த் தொண்டர் இருக்கட்டும்.

தொண்டருக்குப் பயிற்சி தரும்போது சொல்ல வேண்டியவை. ஒரு பொட்டலத்துக்குச் சரியாக ஒரு லிட்டர், அரை லிட்டர் பாட்டில் என்றால் இரண்டு. பாதிப் பொட்டலம் போட்டுக் கண்ணளவில் கலக்குவது வேண்டாம். கலந்தது 24 மணி நேரம்தான். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, பத்து வயதுக்குக் கீழே 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் குடிக்கிற அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் மெதுவாக, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பால் நிறுத்தக் கூடாது. பேதியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை கொடுக்கக் கூடாது.

எப்போது உடனே அனுப்ப வேண்டும்? கண் குழிவிழுந்து, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் துவண்டு கிடந்தால், குடிக்க முடியாவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்று மெதுவாகப் போனால், மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டால். இதில் ஒன்று தெரிந்தாலும் ஓ.ஆர்.எஸ் புகட்டிக்கொண்டே சிகிச்சை மையத்துக்கு. விழுங்க முடியாதவருக்குப் புகட்டாதீர்கள், புரையேறும். வண்டி முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். கிராமத்தில் ஆம்புலன்ஸ் என்பது பெரும்பாலும் கபாசா, அதாவது வாடகை சைக்கிள். ஓட்டுகிறவருக்கு யார் காசு கொடுப்பது, இரவில் யாரை எழுப்புவது, பின்னால் பிடித்துக்கொண்டு உட்காருவது யார் என்பதெல்லாம் பகலிலேயே ஊர்க் கூட்டத்தில் முடிவாகட்டும். இந்த ஒரு ஏற்பாட்டுக்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்தாலும் தகும்.

பதிவேட்டில் வயது, பால், ஊர், பேதி தொடங்கிய நாள், நிலைமை, எங்கே அனுப்பினோம் என்று எழுதுங்கள். மலாவியில் ஊர்ப் பெயரும் தலைவர் பெயரும் பெரும்பாலும் ஒன்றே, ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும். குழுத் தலைவர் பெயரையும் சேர்த்து எழுதாவிட்டால் மாவட்டத்தில் இருந்து வண்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

வதந்தியும் பயமும்

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017இல் தெற்கு மலாவியில் இரவில் ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் திரிகிறார்கள் என்று பரவி, கும்பல் அடித்துப் பலரைக் கொன்றது. முலாஞ்சே, பலோம்பே மாவட்டங்களிலிருந்து ஐ.நா. தன் ஆட்களை வெளியே கொண்டுவந்தது. மொசாம்பிக்கில் குளோரின் போடுகிறவர்களே காலராவைப் பரப்புகிறார்கள் என்று நம்பி நம்புலா பகுதியில் தாக்கியிருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் அதே மாகாணத்தில் காலரா வதந்திக்குப் பயந்து மீன்பிடிப் படகில் அளவுக்கு மேல் ஏறித் தப்பியோடியவர்கள் கவிழ்ந்து, தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மூழ்கினார்கள்.

அந்த மக்களைப் பார்த்து மூடநம்பிக்கை என்று தலையை ஆட்டுவதில் பயனில்லை. வெள்ளைப் பொடியை முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தெருக் கிணற்றில் கொட்டினால் நீங்களும்தான் கேள்வி கேட்பீர்கள். வெளியாள்தான் நோயைக் கொண்டுவந்தான் என்கிற சந்தேகம் எப்போதும் பொய் என்றும் சொல்ல முடியாது. 2010இல் ஹைட்டிக்குக் காலரா ஐ.நா. அமைதிப் படை முகாமின் கழிவிலிருந்து போனதுதான்.

எனவே: குளோரின் கலப்பதை எப்போதும் பகலில், எல்லோரும் பார்க்க, ஊர்க்காரர் கையால். கலந்த தண்ணீரை முதலில் நீங்களும் எச்.எஸ்.ஏவும் குடியுங்கள். இருட்டிய பின் வீடுகளுக்குப் போகாதீர்கள். காதில் விழுந்த வதந்தியை எழுதி அன்றன்றைக்கு மாவட்டத்துக்குச் சொல்லுங்கள், நீங்களே நடுத்தெருவில் வாதாட வேண்டாம். மங்கோச்சி, மச்சிங்கா பக்கம் யாவோ மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு ஷேக் சொல்கிற இரண்டு வாக்கியம் உங்கள் ஒரு மாதப் பிரசாரத்துக்குச் சமம். மருத்துவமனையே வேண்டாம் என்கிற சில திருச்சபையினரும் உண்டு. அவர்களிடம் தண்ணீரையும் உப்பு, சர்க்கரையையும் பற்றிப் பேசினால் கதவு திறக்கும், மருந்தைப் பற்றிப் பேசினால் மூடிக்கொள்ளும். படம் எடுக்காதீர்கள். துளை போட்ட காலராக் கட்டிலில், கீழே வாளியோடு, துணி விலகிக் கிடக்கிற ஒருவரைப் படமெடுத்துப் போட எந்த நியாயமும் இல்லை.

சாவு வீட்டில் இன்னும் கவனம். உடலைக் குளிப்பாட்டுவதும், ஊர் கூடி ஒரே இடத்தில் சமைத்துச் சாப்பிடுவதும் நோய் பரவுகிற வழிகள். அதற்காக உடலைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் புதைத்தால் அடுத்த நோயாளியை ஒளித்து வைப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்க எபோலாவில் இதைப் பட்டுத்தான் கற்றார்கள். பயிற்சி பெற்றவர்கள் 2% கரைசலால் உடலைத் துடைக்கட்டும், குடும்பத்தார் எட்ட நின்று பார்க்கட்டும், ஜெபமும் பாட்டும் குறையாமல் நடக்கட்டும். உடலைத் தொட்டவர் சமையல் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளத் தலைவர் வீட்டுப் பெண்மணியிடம் சொன்னால் போதும், அவர் பார்த்துக்கொள்வார்.

உங்களைப் பார்த்துக்கொள்வது, திரும்புவது

காலரா உங்களைக் கொல்வது அரிது. கையைக் கழுவி, சுத்தத் தண்ணீர் குடித்தால் பயமில்லை. சாலைதான் பயம். இருட்டிய பின் வண்டியில் போகாதீர்கள், பெல்ட் போடுங்கள், பிக்கப் வண்டியின் பின்னால் ஏறாதீர்கள். மலாவி ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும் நத்தைக் காய்ச்சல் எனப்படும் பில்ஹார்சியா அந்த நீரில் உண்டு. ஊசி குத்திவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உங்களுக்கே பேதி என்றால் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் சொல்லிவிடுங்கள்.

பணம் கேட்பார்கள். பள்ளிக் கட்டணம், உரம், மாவு என்று கேட்பதெல்லாம் உண்மையான தேவைதான். சொந்தக் கையிலிருந்து ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்த நாள் எச்.எஸ்.ஏவின் வாசலில் வரிசை நிற்கும், நீங்கள் போன பிறகும் நிற்கும். அமைப்பின் வழியாக மட்டும் செய்யுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒப்படைக்க ஆரம்பியுங்கள். எந்தக் கிணற்றுக்கு எத்தனை மில்லி, எந்த பம்புக்கு எந்த வாஷர், டி.பி.டி மாத்திரை எத்தனை மிச்சம் என்பதை எச்.எஸ்.ஏவின் நோட்டில் அவர் கையெழுத்தில் இருக்கும்படி செய்யுங்கள். உங்கள் மடிக்கணினியில் இருக்கும் அட்டவணை யாருக்கும் உதவாது.

ஊர் திரும்பிய பிறகு மலேரியா மாத்திரையைச் சொன்ன நாள்வரை முழுதாகச் சாப்பிடுங்கள். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள், மற்ற இரண்டும் நான்கு வாரம். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் வாயைத் திறந்ததும் "ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்" என்று சொல்லி அன்றைக்கே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அங்குள்ள ஃபால்சிபரம் வகை மலேரியா ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும், நம் ஊர் டாக்டருக்கு முதலில் தோன்றுவது டெங்குவாக இருக்கும். ஏரித் தண்ணீரில் கால் நனைத்திருந்தால் இரண்டு, மூன்று மாதம் கழித்து பில்ஹார்சியாவுக்கும் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். இருந்தால் பிராசிகுவான்டெல் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.